கயிறு பிடித்த கையர்: ஆண்ட்ரூ ஃபுல்லர் வரலாறு

வள்ளுவப் பெருந்தகையார் இரத்தலைப்பற்றி இரண்டு அதிகாரங்கள் வகுத்துள்ளார். ஒன்று இரவு, மற்றொன்று இரவச்சம். அடுத்தடுத்து நிற்கும் இவ்விரண்டையும் கற்போர், இரத்தல் தகும் என்பதோ தகாது என்பதோ ஆசிரியர் கருத்து என முதலில் மயங்குதல் இயல்பு. இரத்தலின் தேவையையும் அதன் நோவையும் ஒரே வாழ்வில் ஒருங்கே கண்ட ஒருவரின் வரலாற்றை அறிந்தால் அம்மயக்கம் பெரிதும் நீங்கும். அவர் தமக்கென ஒரு காசும் இரந்தவரல்லர். பிறர்பொருட்டு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாயில் தோறும் சென்று நின்றவர். அவரே ஆண்ட்ரூ ஃபுல்லர் என்னும் ஆங்கிலப் போதகர்.

வில்லியம் கேரியை அறியாத கிறிஸ்தவர் நம் நாட்டில் இலர். சீராம்பூர் என்னும் பெயரைக் கேட்ட அளவிலே அவர் திருவுருவம் நம் மனக்கண்முன் நிற்கின்றது. ஆயின், கேரியைக் கடல் கடத்தி, அவருக்குக் காகிதமும் எழுத்தும் உணவும் செல்லுமாறு செய்த பொருள் யாண்டிருந்து வந்தது, அதனை யார் எவ்வாறு திரட்டினார் என்று வினவுவோர் சிலரே. கட்டடத்தைப் போற்றுவார் அதன் அடிக்கல்லைக் காண்பதில்லை. மறைந்து கிடக்கும் அக்கல்லை ஒருமுறை தோண்டிக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

ஃபுல்லர் 1754-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 6-ஆம் நாள் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் கோட்டத்தைச் சார்ந்த விக்கன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் எளிய உழவர். சில ஆண்டுகளில் குடும்பம் அணித்தேயுள்ள சோஹம் என்னும் ஊரிற் குடியேறிற்று. கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகம் அவ்வூர்க்குச் சேய்மையில் இல்லையெனினும், அதன் வாயில் இவருக்குத் திறந்ததில்லை. கழனியிலும் மாட்டுக் கொட்டிலிலும் இவர் உழைத்து வளர்ந்தார். உயர்ந்த மேனியும் அகன்ற தோளும் உடையவர். மற்போரில் மிக்க விருப்பினர். கல்வியெல்லாம் தாமே நூல்களைத் தேடிக் கற்றதேயாம்.

1770-இல் திருமுழுக்குப் பெற்ற இவர், 1775-இல் சோஹம் பாப்திஸ்து சபைக்குப் போதகரானார். அச்சபை ஏழ்மையுடையது. அது கொடுத்த ஊதியம் குடும்பம் நடத்தப் போதாமையின், சிறு கடை ஒன்று வைத்தார். பள்ளிக்கூடம் ஒன்றும் நடத்திப் பார்த்தார். இரண்டும் பயன் தரவில்லை. வறுமையின் வடிவத்தைத் தம் இல்லத்திலேயே கண்டமையால், ஏழையின் ஒரு ஷில்லிங் எத்துணைப் பெருமையுடைத்து என்பதைப் பிற்காலத்தில் எவரும் அவருக்குக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. 1782-இல் நார்தாம்ப்டன் கோட்டத்துக் கெட்டரிங் என்னும் ஊர்ச் சபையின் அழைப்பை ஏற்று அங்குச் சென்றார். தம் இறுதிவரை அச்சபையை விட்டு நீங்கினாரல்லர்.

அக்காலத்துப் பாப்திஸ்து சபையாருட் பலர், மனந்திரும்புமாறு எல்லா மக்களையும் அழைத்தல் போதகர் கடமையன்று என்னும் கொள்கையுடையராய் இருந்தனர். கடவுள் தெரிந்துகொண்டவரை அவரே அழைத்துக்கொள்வார் என்பது அன்னார் துணிபு. ஃபுல்லர் இதனைப் பன்னாள் ஆராய்ந்து, சுவிசேஷம் யாவரும் ஏற்றற்குரியது, யாவர்க்கும் உரைத்தற்குரியது என நிலைநாட்டி 1785-இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலால் அவருக்குப் புகழும் பகையும் ஒருங்கே விளைந்தன. உலகத்தார் யாவர்க்கும் நற்செய்தி உரியது என்றால், அதனைக் கொண்டு செல்லும் கடமை யாருடையது? கொண்டு செல்வோர்க்கு வழிச்செலவு தருவார் யார்? அவர் எழுதிய நூல் அவரையே நோக்கி இவ்வினாக்களை எழுப்பிற்று.

பதின்மூன்று பவுன்

1792-ஆம் ஆண்டு ஃபுல்லருக்குப் பெருந்துயர் ஆண்டாயிற்று. ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே ஆறு வயதுள்ள அருமை மகளைக் கூற்றுவனுக்குக் கொடுத்திருந்தார். இப்பொழுது மனைவியார் நோய்வாய்ப்பட்டு அறிவு கலங்கினார். தம் கணவரையே அயலார் என எண்ணி அஞ்சும் நிலையை அவ்வம்மையார் அடைந்து, ஆகஸ்டுத் திங்களில் இவ்வுலகு நீத்தார். தாயற்ற மக்களும் ஒளியற்ற மனையுமாக ஃபுல்லர் நின்றார்.

அதன்பின் ஆறு வாரங்களும் நிரம்புமுன், அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள், கெட்டரிங்கில் வாலிஸ் என்னும் விதவை அம்மையாரின் இல்லத்துப் பின்னறையில் சுமார் பதினால்வர் கூடினர். பெரும்பாலோர் சிற்றூர்ப் போதகர். செருப்புத் தைத்தும் பள்ளி நடத்தியும் முன்னர் வாழ்க்கை நடத்திய கேரியும் அவருள் ஒருவர். கடல் கடந்த நாடுகளுக்குச் சுவிசேஷத்தை அனுப்பச் சங்கம் ஒன்று காண்பதெனத் துணிந்து, ஒவ்வொருவரும் தத்தமக்கு இயன்ற தொகையைத் தாளில் எழுதித் தந்தனர். ஃபுல்லரின் மூக்குத்தூள் பெட்டியே அத்தாள்களை ஏந்திய உண்டியல் என்பது வழிவழி வந்த செய்தி. எண்ணிப் பார்த்தபோது மொத்தம் 13 பவுன் 2 ஷில்லிங் 6 பென்ஸ் ஆயிற்று. கேரியிடம் கொடுத்தற்குப் பணமில்லை. தாம் எழுதிய சிறு நூலின் விற்பனையில் வரும் ஆதாயத்தைத் தருவதாக வாக்களித்தார்.

மாணவ நண்பர்கள் கருதற்பாலதொன்று இங்கே உண்டு. அக்கூட்டத்தில் வில்லியம் ஸ்டாட்டன் என்னும் கல்லூரி மாணவர் ஒருவரும் இருந்தார். அவர் கையில் காசில்லை. உடனிருந்தாரிடம் அரைக் கினி, அஃதாவது 10 ஷில்லிங் 6 பென்ஸ், கடன் வாங்கித் தம் பெயரைக் குறியாமலே கொடுத்தார். பின்னாளில் அமெரிக்கா சென்று கல்லூரித் தலைவராய்ப் புகழ்பெற்ற அவர், தம் வாழ்வில் தாம் ஈந்தவற்றுள் அவ்வரைக் கினியையே பெருமையாகக் கருதினார் என்ப.

அச்சங்கத்தின் காரியதரிசியாக ஃபுல்லர் தெரிந்தெடுக்கப்பெற்றார். ஊதியம் ஏதுமில்லை, இறக்கும்வரை அவர் அதனைப் பெற்றாருமில்லை.

சந்துகளிற் சிந்திய கண்ணீர்

சின்னாட்களில் நண்பர் சாமுவேல் பியர்ஸ் பர்மிங்ஹாம் நகரத்தாரிடமிருந்து 70 பவுன் கொணர்ந்து சேர்த்தார். ஒரு பின்னறையின் எல்லை கடந்தும் கொடுப்பார் உளர் என்பது இதனால் விளங்கிற்று. 1793-இன் தொடக்கத்தில் கேரியையும், வங்காளத்தில் முன்னரே இருந்து வந்த மருத்துவர் ஜான் தாமஸையும் இந்தியாவுக்கு அனுப்பச் சங்கத்தார் தீர்மானித்தனர். இரு குடும்பங்களின் கப்பற் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் உடனே வேண்டியிருந்தன. சந்தா எழுதியவர் தொகையோ அதற்கு எவ்வாற்றானும் போதாது. ஆதலின் ஃபுல்லர் லண்டன் மாநகர் சென்றார்.

செல்வம் மலிந்த அந்நகரில் அவரை அறிந்தோர் சிலர். வரவேற்றோர் அவரினும் சிலர். முதன்மை வாய்ந்த போதகர் பலர், சிற்றூரார் கண்ட கனவு இது எனக் கருதி ஒதுங்கி நின்றனர். ஃபுல்லர் கையில் ஒரு பட்டியுடன் தெருத்தெருவாய், வீடுவீடாய் நடந்தார். சிலர் கொடுத்தனர், பலர் மறுத்தனர், சிலர் இகழ்ந்தும் உரைத்தனர். மறுப்பு மிகுந்த நாட்களில் அவர் பெருந்தெருக்களை விட்டு ஒதுங்கிச் சந்துகளிற் புகுந்து, வழிப்போவார் காணாவண்ணம் அழுவதுண்டு. மற்போரில் தோள் தட்டி நின்ற அவ்வாண்மகன், தமக்கு ஒன்றும் வேண்டாத ஒரு செயலுக்காக அந்நிய நகரின் மூலைகளில் நின்று கண்ணீர் துடைத்த காட்சியை எண்ணும்போது, இரவச்சம் என்னும் அதிகாரத்தின் பொருள் நமக்கு உரையின்றியே விளங்குகின்றது. கண்களைத் துடைத்துக்கொண்டு அடுத்த வாயிலை அவர் தட்டினார். அதனிலேதான் அவர் பெருமை உள்ளது.

கேரியும் தாமஸும் 1793-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள், கும்பெனியாரின் அநுமதி இல்லாமையால், ஒரு டேனியக் கப்பலில் ஏறிச் சென்றனர். அவ்வாண்டிலேயே ஃபுல்லரின் முகத்தில் ஒரு பக்கம் வாதத்தாற் செயலிழந்தது. உழைப்பின் மிகுதியே காரணம் எனப் பலரும் எண்ணினர். சிறிது தேறியதும் மீண்டும் பயணம் தொடங்கினார்.

அந்நாளை நினைந்து அவர் ஓர் உவமை கூறுவதுண்டு. ஆழ்ந்த சுரங்கம் ஒன்றில் யாரும் இறங்கிப் பார்த்ததில்லை. அதன் வாயிலிற் சிலர் நின்று எண்ணமிடுகையில், கேரி தாம் இறங்குவதாகவும், மேலே நிற்போர் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டுமெனவும் உரைத்தது போல் இருந்ததாம். தம் உயிருள்ளவரை கயிற்றை விடுவதில்லை என்று அங்கிருந்தோர் அவருக்கு உறுதி கூறினராம். கேரியை ஃபுல்லர் அதன்பின் இவ்வுலகிற் கண்டதில்லை. ஆயினும் கையிற் பற்றிய கயிற்றை ஒருநாளும் நெகிழவிட்டாரில்லை.

கொடையாளரைக் கண்ட முறை

ஒருமுறை கொடுத்தார் பிறகும் கொடுக்க வேண்டுமாயின், முன் கொடுத்தது என்னாயிற்று என அவர் அறிதல் வேண்டும். இவ்வுண்மையை ஃபுல்லர் நன்கு உணர்ந்திருந்தார். கேரியின் முதற் கடிதங்கள் 1794-இல் வந்து சேர்ந்ததும், அவற்றையும் சங்கத்தின் வரவு செலவுகளையும் சேர்த்து அச்சிட்டுச் சந்தாதாரருக்கு அனுப்பும் வழக்கம் தொடங்கிற்று. அவ்வெளியீடு பின்னும் தொடர்ந்தது. வங்காளத்தில் கேரி பட்ட வறுமையும், பெற்ற மகனைப் புதைத்த துயரும், மொழி கற்ற அருமுயற்சியும் ஆங்கில நாட்டுச் சிற்றூர்களின் அடுப்பங்கரைகளிற் படிக்கப்பெற்றன. படித்தவர் அயலாருக்குக் கொடுத்தனர், அயலாரும் சந்தாதாரராயினர். நம் பழந்தமிழ்ப் பாணர் தாம் பெற்ற பரிசிலை எடுத்துரைத்து மற்றொரு பாணனை வள்ளலிடம் ஆற்றுப்படுத்தினர். ஈண்டோ ஒரு வள்ளல் மற்றொரு வள்ளலை ஆற்றுப்படுத்தினர் எனலாம்.

தம் சபையினரோடு அவர் நின்றுவிடவுமில்லை. 1799-இல் ஸ்காட்லாந்து நாட்டிலிருந்து அழைப்பு வரவே, மறைநூல் மொழிபெயர்ப்பை அச்சிடுவதற்குப் பொருள் வேண்டி அங்குச் சென்றார். 1802, 1805, 1808, 1813 ஆகிய ஆண்டுகளிலும் சென்றார். 1804-இல் அயர்லாந்துக்கும் போய் வந்தார். புகைவண்டி தோன்றாத காலம் அது. குதிரை வண்டியில் மழையும் குளிரும் பொறுத்துப் பன்னூறு கல் செல்லல் வேண்டும். சென்ற ஊர்தோறும் பிரசங்கம் செய்தல் வேண்டும். இரவிற் கடிதங்கள் எழுதல் வேண்டும். கொள்கையில் வேறுபட்ட பிற சபையாரும் தம் ஆலயங்களை அவருக்குத் திறந்தனர். அவர் கெஞ்சி வற்புறுத்தும் பேச்சாளர் அல்லர். நாநயத்தால் மயக்கவும் அறியார். இந்தியாவில் நடைபெறுவதை உள்ளவாறே எடுத்துரைப்பார். கேட்டோர் நெஞ்சம் தானே நெகிழும்.

கொடுப்பாரின் நோக்கத்தையும் அவர் நாடினார். தம் இளமையில் வாழ்ந்த பக்கத்தில் பழைய நண்பர் ஒருவரிடம் உதவி வேண்டிய ஞான்று, வந்திருப்பவர் ஃபுல்லர் என்பதனால் ஐந்து பவுன் தருவதாக அந்நண்பர் உரைத்துக் கொடுத்தாராம். தம் முகத்துக்காக வரும் பணம் இத்தொண்டுக்கு வேண்டாம் என்று ஃபுல்லர் அதனைத் திருப்பி நீட்டினார். நண்பர் தம் பிழையை உணர்ந்து, கிறிஸ்துவின்பொருட்டு என்று கூறிப் பத்துப் பவுன் அளித்தார் என்பர். இரப்பவர் ஒருநாள் மறைவார். செயல் நிற்றல் வேண்டும். ஆளுக்காகக் கொடுப்பவன் ஆள் மறைந்தால் கையை மூடுவான். செயலுக்காகக் கொடுப்பவனோ தானே அச்செயலுக்கு உரியவனாகின்றான். ஐந்து பவுனைத் திருப்பிக் கொடுத்த அத்துணிவில் இத்துணைப் பொருள் அடங்கியுள்ளது.

பகையும் அவருக்கு இல்லாமலில்லை. 1806-இல் நம் வேலூரில் நிகழ்ந்த சிப்பாய்களின் கலகத்துக்குப் பின், மிஷனெரிமார்களே இந்தியாவின் அமைதியைக் கெடுப்பவர் என்றும், அவர்களைத் திருப்பி அழைத்தல் வேண்டும் என்றும் லண்டனிற் சிலர் எழுதினர். அக்குற்றச்சாட்டு நிலைபெற்றிருப்பின், கொடைகளின் ஊற்றே வற்றியிருக்கும். ஃபுல்லர் பயணத்தின் இடையிலும் எழுதுகோலை எடுத்து, விரிவான மறுப்பு நூல் வரைந்து 1808-இல் வெளியிட்டார். 1813-இல் கும்பெனியின் சாஸனம் புதுப்பிக்கப்பெற்றபோது மிஷனெரிமார்க்கு வழி திறக்க வேண்டி அவரும் பெரிதும் முயன்றார்.

சீராம்பூர்த் தீ

1812-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாள் மாலை, சீராம்பூர் அச்சுக்கூடத்திற் தீப்பற்றிற்று. காகிதக் கட்டுகளும், பல மொழிகளின் ஈய எழுத்துக்களும், கேரி பல்லாண்டு உழைத்து எழுதிய கையெழுத்துச் சுவடிகளும் எரிந்தொழிந்தன. அத்தீயில் உருகிய எழுத்துக்களுள் நம் தமிழ் எழுத்துக்களும் இருந்தன. எழுத்து வார்க்கும் அச்சுருக்கள் சாம்பலினின்று பழுதின்றி எடுக்கப்பெற்றமை ஒன்றே ஆறுதல். இழப்பு ஏறத்தாழ 10,000 பவுன் என மதிப்பிடப்பெற்றது.

இச்செய்தி செப்டம்பரில் இங்கிலாந்தை அடைந்தது. ஃபுல்லர் உடனே அதனை அச்சிட்டு எங்கும் அனுப்பினார். இருபது ஆண்டுகளாக வீடுவீடாகத் தேடிய கொடையாளர் யாவரும் அப்பொழுது தாமே முன்வந்தனர்; முன்பு அறியாதாரும் கொடுத்தனர். ஒருகாலத்தில் அவர் கண்ணீர் வடித்த லண்டனிலிருந்தும் பணம் வந்தது. இரண்டு மாதங்களுக்குள் இழப்பு முழுவதும் ஈடு செய்யப்பெற்றது. 13 பவுனில் தொடங்கிய சங்கம் 10,000 பவுனை அறுபது நாட்களிற் கண்டது! தேவை நிறைந்தவுடன், போதும் என்று ஃபுல்லரே கொடையாளருக்கு அறிவிக்க வேண்டியதாயிற்று. வேண்டும் எனக் கேட்பார் பலர்; போதும் எனச் சொல்வார் அரியர். அவ்வொரு சொல்லால் அவர்மீது மக்கள் வைத்த நம்பிக்கை பின்னும் உறுதிப்பட்டது.

அதே வேளையில் சீராம்பூர் நண்பர்களுக்கு எச்சரிக்கைக் கடிதமும் எழுதினார். தீயினால் அவர்கள் புகழ் நாடெங்கும் பரந்துவிட்டது. அப்புகழால் செருக்கடையின் கடவுளின் துணை நீங்கும் என்பது அக்கடிதத்தின் கருத்து. இகழ்ச்சியை வென்றவர்க்குப் புகழ்ச்சியின் தீங்கும் நன்கு தெரிந்திருந்தது.

மனையும் மறைவும்

பிறர் கண்ணுக்குத் தெரியாத துயர் ஒன்றும் அவர் நெஞ்சில் இருந்தது. மூத்த மகன் ராபர்ட் வீட்டை விட்டு அலைந்து, படையிற் சேர்ந்து, பல இன்னல்களுக்கு ஆளாகி, 1809-இல் லிஸ்பன் அருகே கடலில் உயிர் நீத்தான். தொலைவிலுள்ள மக்களின் மீட்புக்காக வீடு தோறும் சென்ற தந்தையார், தம் வீட்டினின்று சென்ற மகனை எண்ணி எத்தனை இரவு விழித்திருந்தாரோ! ஆண்டிற் பல மாதங்கள் ஊரில் இல்லாமையால், தம் சபையாரை வேண்டிய அளவு சென்று காண இயலவில்லையே என்னும் குறையும் அவரை வாட்டிற்று. பொதுத்தொண்டின் விலையை அவர் மட்டுமல்லர், அவர் குடும்பமும் சபையும் சேர்ந்தே கொடுத்தனர் என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன், யேல் கல்லூரிகள் முறையே 1798-இலும் 1805-இலும் வேதசாஸ்திர பண்டிதப் பட்டம் அளித்தும், அதனைத் தம் பெயரோடு சேர்த்துக்கொள்ள அவர் உடன்படவில்லை. 1815-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அடுத்திருந்த ஆலயத்தில் தம் சபையார் பாடும் ஒலி செவியிற் படக் கிடந்தவாறே, அறுபத்தோராம் வயதில் அவர் உயிர் பிரிந்தது. கயிற்றைப் பிடித்திருந்த அக்கைகள் அன்றுதான் ஓய்ந்தன.

நமக்கு உரியது

நண்பர்காள்! மிஷன் கல்லூரிகளிற் கற்கும் நாம் நாள்தோறும் நுழையும் வாயில்களையும், அமரும் பலகைகளையும், எடுக்கும் நூல்களையும் ஆக்கித் தந்தவருட் பலர் பெயர் நமக்குத் தெரியாது. யாரோ ஒரு விதவை, யாரோ ஒரு தையற்காரர், யாரோ ஒரு மாணவர், தாம் என்றும் காணாத நாட்டின் பிள்ளைகளுக்காக ஒரு காசு ஒதுக்கினர். அவர்களுடைய வாயிலில் யாரோ ஒருவர் சென்று நின்றமையால்தான் அக்காசு வெளிப்பட்டது. கொடுத்தவரை நன்றியோடு நினைக்கும் நாம், கேட்டவரை மறந்துவிடுகிறோம்.

நாம் பலகாலம் பெறுவோராகவே இருந்தோம். இனி நாமும் கொடுப்போராதல் வேண்டும். அதனினும் கடினமாக, பிறர்க்காகக் கேட்போராதலும் வேண்டும். ஏழை மாணவன் ஒருவனுக்குக் கட்டணம் சேர்க்கவோ, நோயுற்றான் ஒருவனுக்கு மருந்து தேடவோ ஒரு பட்டியைக் கையிலெடுத்து வாயிலில் நிற்கும்போது நம் நா எழாது, கால் கூசும். அப்பொழுது லண்டன் சந்துகளிற் கண் துடைத்த அப்பெரியாரை நினைத்தல் வேண்டும். கேட்பது நமக்கன்று என்பதில் ஐயமில்லையாயின் நாணம் தானே அகலும். பெற்ற காசுக்குக் கணக்குக் காட்டினால் அடுத்த வாயில் எளிதில் திறக்கும். தேவை நிறைந்தபின் போதும் என்னும் சொல்லும் நம் வாயில் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

சுரங்கத்தில் இறங்குதல் எல்லார்க்கும் இயல்வதன்று. கயிற்றைப் பிடித்தல் எல்லார்க்கும் இயலும். ஒருகாலத்தில் நம்பொருட்டுப் பிறர் பிடித்த அக்கயிற்றின் நுனி இன்று நம் காலடியிற் கிடக்கின்றது. குனிந்து அதனை எடுப்போமாக.